கூண்டுக்குள் கை விட்டால் கொத்துகிறதா உங்கள் புதுக் கிளி?

பக்கத்து ஃபிளாட்காரருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. "குழந்தை மாதிரி வளர்த்தோம் மாமி, உங்களை விட்டா யார்கிட்ட கொடுக்கிறது?" என்று கண் கலங்கி, கூண்டும் கிளியுமாக உங்கள் ஹாலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். முதல் இரண்டு நாள் கிளி கப்சிப். "எவ்வளவு சாது பாரேன்!" என்று வீடே மெச்சியது. மூன்றாம் நாள் தண்ணீர் மாற்றுவதற்காகக் கூண்டுக்குள் கையை விட்டீர்கள். வெடுக்! ஆள்காட்டி விரலில் ரத்தம்.

அப்புறம் என்ன? குழந்தைகள் கிட்டே போகவே பயப்படுகிறார்கள். மாமியார், "ரத்தம் பார்த்த பறவை வீட்டுக்கு ஆகாது" என்கிறார். வீட்டுக்காரர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தீனி வைக்கிறார். இப்போது துண்டைக் கண்டாலே கிளி கூண்டே அதிர அலறுகிறது. இரண்டு வாரம் போனால், "வேற யாருக்காவது கொடுத்துடலாமே" என்ற பேச்சு வந்துவிடும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், முந்தைய வீட்டிலும் இதே பேச்சு நடந்திருக்கலாம். ஒவ்வொரு வீடு மாறும்போதும் அதன் பயம் ஒரு படி ஏறுகிறது. மூன்றாவது வீட்டுக்குப் போகும் கிளியைப் பழக்குவது இரண்டாவது வீட்டுக்கு வந்த கிளியைப் பழக்குவதைவிடக் கஷ்டம். க்வேக்கர், கன்யூர் போன்றவை 20, 30 வருஷம்கூட உயிர் வாழும். ஆப்பிரிக்க சாம்பல் கிளி 40 வருஷத்தையும் தாண்டும். அத்தனை வருஷத்தையும் அது எப்படிக் கழிக்கப் போகிறது என்பது உங்கள் பொறுமையில் இருக்கிறது.

சரி, பழக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி. வந்திருப்பது என்ன கிளி? சிவப்பு அலகும் நீள வாலுமாக இருக்கும் நம்மூர்ப் பச்சைக்கிளி என்றால், பழக்குவதைப் பற்றிப் பேசவே இடமில்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ஜோசியக்காரரின் கிளிக்கும் இதே சட்டம்தான். வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். 'புண்ணியமாகப் போகட்டும்' என்று நீங்களாகவே ஜன்னலைத் திறந்து விடாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்த பறவைக்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடமிருந்து தப்பவும் தெரியாது.

வீட்டில் வளர்க்கக்கூடியவை வெளிநாட்டு இனங்கள். 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் சொல்லும் பட்ஜி, கொண்டை வைத்த காக்கடீல், கன்யூர், ஆப்பிரிக்க சாம்பல் கிளி, க்வேக்கர் என்று பல. இதில் பட்ஜியும் காக்கடீலும் நீங்கலாக மற்றவை சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. 2024-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி அவற்றை 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பறவையைக் கொடுப்பவர் கண் கலங்கும்போதே, "பதிவுக் காகிதம் இருக்கா?" என்று கேட்பது கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இந்தக் கட்டுரைக்கு க்வேக்கரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எல்லைச் சண்டையில் அதுதான் சூரப்புலி. பச்சை உடம்பு, சாம்பல் நிற நெஞ்சு, எடை 100 கிராம் சொச்சம். பூர்வீகம் அர்ஜென்டினா, உருகுவே பக்கம். அதற்குச் சொல்வது பெரும்பாலும் மற்றக் கிளிகளுக்கும் பொருந்தும்.

கூண்டு அதற்கு என்ன?

கிளிகளில் பெரும்பாலானவை மரப்பொந்தில் குடித்தனம் நடத்துபவை. பெரும்பாலும் தானாகப் பொந்து குடைவதில்லை, மரங்கொத்தி விட்டுப்போன பொந்தோ, கிளை முறிந்து உளுத்த ஓட்டையோ கிடைத்தால்தான் உண்டு. எனவே நல்ல பொந்துக்கு எப்போதும் அடிதடி. வருஷ ஆரம்பத்தில் நம்மூர்ப் பழைய மரங்களையும் கோயில் கோபுரங்களையும் அண்ணாந்து பாருங்கள். பச்சைக்கிளியும் மைனாவும் ஒரே ஓட்டைக்காகக் கட்டிப் புரளும். அங்கே விட்டுக்கொடுத்தால் அந்த வருஷம் குஞ்சு கிடையாது.

க்வேக்கர் இதில் தனி ரகம். சுள்ளி சுள்ளியாகக் கொண்டுவந்து மரத்தின் மேல் கூடு கட்டுகிற ஒரே கிளி அதுதான். அதுவும் தனிக் கூடு இல்லை. ஒரு ஜோடி கட்டியதை ஒட்டி இன்னொரு ஜோடி, அதை ஒட்டி இன்னொன்று என்று அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி வளரும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசல். மற்றப் பறவைகள் குஞ்சு பொரித்ததும் கூட்டை விட்டுப் போய்விடும். இதுவோ வருஷம் முழுக்க அதே கூட்டில்தான் தூங்கும், அதையே பழுதுபார்த்துக்கொண்டிருக்கும். அதனால் காவலும் வருஷம் முழுக்க உண்டு.

இப்போது உங்கள் ஹாலில் இருக்கும் கூண்டைப் பாருங்கள். அதுதான் அதன் வீடு, சமையலறை, படுக்கையறை எல்லாம். பழகிய மனிதர்கள் போய்விட்டார்கள், பழகிய குரல்கள் இல்லை, சுவரின் நிறம்கூட வேறு. பழையதில் மிச்சம் இந்தக் கம்பிகள் மட்டும்தான். அதற்குள் ஐந்து விரல் கொண்ட ஏதோ ஒன்று நுழைந்து சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தூக்குகிறது. யாரோ முன்பின் தெரியாதவர் கதவைக்கூடத் தட்டாமல் உங்கள் சமையலறைக்குள் வந்து குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் நீங்கள் சும்மா விடுவீர்களா? கிளியும் விடாது. அது கெட்ட கிளி அல்ல. தன் வீட்டைக் காக்கிறது, அவ்வளவுதான்.

அதனால், வந்த உடனே "புதுசா பெரிய கூண்டு வாங்கிடலாம்" என்ற ஆசை வேண்டாம். பழைய கூண்டு அழுக்காக இருந்தாலும், அதே பொம்மை, அதே கம்பு, அதே தீனியோடு சில வாரம் இருக்கட்டும். அளவு போதாவிட்டால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

கடிப்பது கடைசி வார்த்தை

"திடீர்னு கடிச்சிடுச்சு" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். திடீரென்று கடிக்கும் கிளி அபூர்வம். கடிப்பதற்கு முன்னால் அது நாலைந்து வகையில் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கும். உடம்பை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இறகுகள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அல்லது பிடரி மட்டும் சிலிர்க்கும். வாலை விசிறி போல விரிக்கும். தலையைத் தாழ்த்தி, அலகைக் கொஞ்சம் திறந்து, பக்கவாட்டில் நகர்ந்து உங்களை நோக்கி வரும். சாம்பல் கிளி போன்றவற்றுக்குக் கண்பாவை சுருங்கிச் சுருங்கி விரியும். க்வேக்கருக்குக் கண் கருமையாக இருப்பதால் இது சரியாகத் தெரியாது, உடம்பைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கோபம் இல்லை. க்வேக்கர் சில நேரம் தலையைக் கிடுகிடுவென ஆட்டும். ஜன்னி கண்டுவிட்டதோ என்று பதறுபவர்கள் உண்டு. குஞ்சுகள் தீனி கேட்கும்போது அப்படித்தான் ஆட்டும். அந்தப் பழக்கம் பெரிதான பின்னும் போவதில்லை.

'வேண்டாம்' என்ற அடையாளம் தெரிந்த மறு நொடி என்ன செய்ய வேண்டும்? கையை மெதுவாக, பதறாமல் பின்னுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. "பயந்துட்டோம்னு தெரிஞ்சா தலைக்கு மேல ஏறிடும். யார் எஜமான்னு காட்டணும்" என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். இறகைச் சிலிர்த்தாலே கை விலகுகிறது என்று தெரிந்த கிளிக்குக் கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. எத்தனை சிலிர்த்தாலும் கை வந்துகொண்டேயிருக்கிறது, கடித்தால்தான் போகிறது என்று கற்றுக்கொண்ட கிளி, அடுத்த முறை சிலிர்ப்பதில் நேரத்தை வீணாக்குமா? நேரே கடிதான். 'திடீர்னு கடிக்கிற' கிளி இப்படித்தான் உருவாகிறது.

அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்க சாம்பல் கிளியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1977-ல் அமெரிக்காவின் சிகாகோ பக்கத்தில் ஒரு கடையில் வாங்கி, 2007-ல் அது இறக்கும்வரை 30 வருஷம் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற விஞ்ஞானி அதோடு வேலை செய்தார். நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லும். அது கற்றுக்கொண்டதில் நமக்கு வேண்டியது இன்னொன்று. கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டால், தன்னைத் திரும்பக் கொண்டுபோய் விடும்படி ஆங்கிலத்தில் கேட்கும். உலகிலேயே அதிகம் படித்த கிளிக்கே 'போதும்' என்று சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. உங்கள் கிளிக்கு ஆங்கிலம் தெரியாது. இறகும் வாலும்தான் அதன் பாஷை.

முதல் வாரம்

ஒரு பக்கமாவது சுவர் இருக்கும் மூலையில், உங்கள் நெஞ்சு உயரத்துக்குக் கூண்டை வையுங்கள். நடு ஹாலில் நாலு பக்கமும் திறந்திருந்தால் அதற்கு நிம்மதி இருக்காது. சமையலறை கூடவே கூடாது. குக்கர் விசிலுக்கு அலறும் என்பது ஒரு பக்கம். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும்போது வரும் புகை, சில நிமிஷங்களில் பறவையின் உயிரையே எடுத்துவிடும். ராத்திரி 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் தேவை. பதினோரு மணி வரை டி.வி. ஓடும் ஹால் என்றால், தூங்க மட்டும் வேறு அறைக்கு மாற்றுங்கள். தூக்கம் கெட்ட கிளி கடிகார முள் மாதிரி நேரம் தவறாமல் எரிச்சல் காட்டும்.

இந்த வாரம் பழக்குவது எதுவும் வேண்டாம். கூண்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படியுங்கள், கீரை ஆயுங்கள், தணிந்த குரலில் ஏதாவது பேசுங்கள். உற்றுப் பார்க்காதீர்கள். இரண்டு கண்ணாலும் நேரே முறைப்பது வேட்டையாடும் பிராணியின் பார்வை. நீங்கள் ஒரு பட்டாணியோ கேரட்டோ கடித்துக்கொண்டிருந்தால் இன்னும் விசேஷம். கூட்டமாகச் சாப்பிடுகிற ஜாதி அது. நீங்கள் சாப்பிடும்போது அதுவும் கிண்ணத்துக்குப் போனால், உங்களைக் கொஞ்சம் நம்ப ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒற்றைக் காலில் நிற்பது, உங்கள் எதிரிலேயே இறகு கோதுவது, அலகை நறநறவென்று அரைத்துக்கொண்டே கண் செருகுவது, இவையும் நல்ல அறிகுறிகள்.

அது ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனியுங்கள். இத்தனூண்டு உடம்பு ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலே ஆபத்து. "பசிச்சா தானா கைக்கு வரும்" என்று பட்டினி போட்டுப் பழக்கும் முறை பாவம் மட்டுமல்ல, பறவையையே பறிகொடுக்கும் வழி.

தினைக்கதிரும் ஐஸ்கிரீம் குச்சியும்

கிளிக்கு எது உயிர் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் சூரியகாந்தி விதை. அதைத் தீனிக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இனிமேல் அது உங்களிடமிருந்து மட்டும்தான் கிடைக்கும். மற்றத் தீனி வழக்கம் போல வயிறு நிறைய இருக்கட்டும். கூண்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு விதையை வெளியிலிருந்தே கிண்ணத்தில் போட்டுவிட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள். நாலைந்து நாளில் உங்களைக் கண்டதும் கிண்ணத்தருகே வந்து நிற்கும்.

அடுத்தது கம்பி வழியாகக் கையால் கொடுப்பது. விதை சின்னது, விரல் பக்கத்தில் இருக்கும், உங்களுக்கும் பயம். அதற்குத் தினைக்கதிர் நல்லது. நீளக் கதிரின் ஒரு முனை உங்கள் கையில், மறு முனை அதன் அலகில். சங்க காலத்துப் பெண்கள் தினைப்புனத்தில் பரண் மேல் ஏறிக் கிளி ஓட்டினார்கள். நீங்கள் அதே தினையைக் காட்டிக் கிளியை அழைக்கிறீர்கள்! நாளுக்கு நாள் கதிரைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் பிடித்தால், அலகுக்கும் விரலுக்கும் நடுவே உள்ள தூரம் தானாகக் குறையும்.

இதற்குப் பிறகுதான் குச்சிப் பாடம். சுத்தமான ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைக் கம்பிக்கு வெளியே காட்டுங்கள். என்னவென்று பார்க்க அலகால் தொடும். தொட்ட அதே நொடி "சபாஷ்!" என்று சொல்லி ஒரு விதை. எப்போதும் அதே வார்த்தை, அதே தொனி. ஐந்து நிமிஷம் போதும், காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அது அலுத்துப்போவதற்கு முன்னால் நீங்கள் நிறுத்திவிட வேண்டும். குச்சியைத் தொட்டால் விதை என்று புரிந்துவிட்டால், குச்சி போகுமிடமெல்லாம் கிளி நடந்து வரும். கையால் தொடாமல், பிடிக்காமல், துண்டு போடாமல் கிளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வரவழைக்கிறீர்கள். அதுவும் அதன் சம்மதத்தோடு!

இப்போது அந்தக் கிண்ணப் பிரச்னைக்கு வருவோம். கிண்ணம் இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர் கோடியில் உள்ள கம்புக்குக் குச்சியால் அழைத்துப் போங்கள். அங்கே நின்றால் விதை, நின்றுகொண்டே இருந்தால் இன்னொரு விதை. சில நாள் இதையே செய்யுங்கள். அப்புறம் வீட்டில் இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் அந்தக் கோடியில் விதை கொடுக்கும்போது அவர் கிண்ணக் கதவைத் தொடட்டும், அவ்வளவுதான். கிளி பாய்ந்து வரவில்லையா? மறுநாள் கதவைத் திறந்து மூடட்டும். அதற்கடுத்து கிண்ணத்தை எடுத்து உடனே வைக்கட்டும். நடுவில் ஒரு நாள் கிளி பாய்ந்து வந்தால், அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள், ஒரு படி இறங்கிப் பழையபடி தொடங்குங்கள். சில வாரத்தில், நீங்கள் கிண்ணத்தில் கை வைத்ததும் கிளி தானாக எதிர் கோடிக்கு ஓடிப்போய் நின்று, "எங்கே என் விதை?" என்று பார்க்கும். காவல்காரனுக்குக் கூலி கொடுத்து வேறு இடத்தில் டூட்டி போட்டுவிட்டோம்!

வெளியே வரட்டும்

கூண்டைச் சுத்தம் செய்வதெல்லாம் கிளி வெளியே இருக்கும்போதுதான். ஆனால் அதைப் பிடித்து வெளியே எடுக்கக் கூடாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு விலகி உட்காருங்கள், அது தானாக வரட்டும். அதற்கு முன்னால் மின்விசிறியை அணைத்தாயிற்றா என்று இரண்டு தடவை பாருங்கள். ஓடும் விசிறியில் அடிபட்ட பறவை பிழைப்பது கஷ்டம். ஜன்னல், பால்கனிக் கதவு மூடியிருக்க வேண்டும். நிலைக்கண்ணாடி மேல் ஒரு துணி.

கையில் ஏறப் பழக்குவதைக் கூண்டு கண்ணில் படாத இடத்தில் செய்யுங்கள். பக்கத்து அறையில் நாற்காலி முதுகு போதும். சொந்த வாசலில் புலியாக இருப்பது அடுத்த அறையில் பூனையாகிவிடும். முதலில் ஒரு கம்பை அதன் நெஞ்சருகே நீட்டி ஏறச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கம்பையே கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடித்து, கடைசியில் கை. திரும்பக் கூண்டில் விடும்போது உள்ளே ஏதாவது தின்பண்டம் காத்திருக்கட்டும். கடித்ததற்குத் தண்டனையாகக் கூண்டில் அடைக்காதீர்கள். தோளில் ஏற்றுவதும் இப்போதைக்கு வேண்டாம், கண்ணும் காதும் பக்கத்தில் இருக்கின்றன. சின்னக் குழந்தைகள் பெரியவர் துணையில்லாமல் கூண்டருகே போகக் கூடாது.

ஒருத்தரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டு மற்றவர்களைத் துரத்துகிறதா? அதுவும் எல்லைச் சண்டைதான், இந்தத் தடவை எல்லை நீங்கள். அப்போது செல்லமானவர் கையிலிருந்து விதையை நிறுத்திவிட்டு, அந்த நல்ல பதார்த்தத்தை மற்றவர்கள் கொடுக்க வேண்டும். செல்லமானவருக்குக் கொஞ்சம் மனசு வலிக்கும், பரவாயில்லை.

நன்றாகப் பழகிய கிளி சில மாதங்கள் கழித்து மறுபடி முறைக்க ஆரம்பித்தால், இனப்பெருக்க உணர்வு தலைதூக்கியிருக்கலாம். அட்டைப்பெட்டி, சோபா அடி, அலமாரி இடுக்கு என்று இருட்டு மூலைகளைத் தேடும். அவற்றை அடைத்துவிடுங்கள். க்வேக்கர் என்றால் துடைப்பக்குச்சி, ஸ்ட்ரா எதையும் விடாமல் கூண்டுக் கம்பியில் செருகிக் கூடு கட்டும். கட்டும் பொருளைக் கண்ணில் காட்டாமல் இருப்பது நல்லது. ராத்திரி இருட்டை நீட்டுங்கள். தடவிக் கொடுப்பது தலை, கழுத்தோடு நிற்கட்டும். முதுகும் இறக்கையடியும் ஜோடிப் பறவைக்கு மட்டும் உரிமையுள்ள இடம். இது எதுவும் காரணமில்லாமல் திடீரென்று குணம் மாறினால், எங்கோ வலி இருக்கலாம், பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக வந்ததும் ஒரு தடவை காட்டிவிடுவது எப்படியும் நல்லது. வீட்டில் வேறு பறவை இருந்தால் ஒரு மாசமாவது இரண்டையும் வேறு வேறு அறையில் வைக்க வேண்டும்.

கடித்துவிட்டால்?

கையை உதறாதீர்கள், கத்தாதீர்கள். அலகில் தட்டுவது, தண்ணீர் பீய்ச்சுவது எல்லாம் பகையைத்தான் வளர்க்கும். உங்கள் "ஐயோ" அதற்குச் சில சமயம் நல்ல வேடிக்கையாகக்கூட ஆகிவிடும். பேசாமல் பக்கத்தில் உள்ள மேஜை மேல் இறக்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். நிறையப் பேர் கேட்பது, "தொப்புளைச் சுத்தி ஊசி போடணுமா டாக்டர்?" அந்தத் தொப்புள் ஊசிக் காலமே மலையேறிவிட்டது. தவிர, வெறிநோய் பாலூட்டிகளின் நோய். கிளி கடித்து அது வராது. டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டோம் என்பதை மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விரல் மூட்டில் ஆழமாக இறங்கியிருந்தாலோ, கண்ணருகே பட்டிருந்தாலோ, சர்க்கரை வியாதிக்காரர் என்றாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம்.

கடியைவிடக் கவனிக்க வேண்டியது எச்சத்தூசு. சில கிளிகளின் எச்சத்தில் ஒரு வகைப் பாக்டீரியா இருக்கும். காய்ந்த எச்சம் தூசாகி மூச்சில் ஏறினால் 'சிட்டகோசிஸ்' என்ற காய்ச்சல் வரலாம். கடும் தலைவலி, வறட்டு இருமல், சில சமயம் நிமோனியா வரை போகும். தகுந்த ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகிவிடும். ஆனால் "வீட்டில் கிளி இருக்கிறது" என்று நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்கு அந்த எண்ணமே வரும். கூண்டுத் தட்டைக் காய்ந்தபடி பெருக்காமல், ஈரமாக்கித் துடையுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

எத்தனை நாளாகும்? சில கிளிகள் ஒரு மாசத்தில் விரலில் ஏறிவிடும். அடிபட்டு வந்தவற்றுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். இன்னும் சில, வெளியே வந்தால் மடியில் படுத்துக் கொஞ்சும், ஆனால் கூண்டுக்குள் கையை மட்டும் கடைசிவரை அனுமதிக்காது. க்வேக்கரில் இந்த ரகம் நிறைய. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெளிப்பக்கமாகத் திறக்கும் கிண்ணக் கதவும், அடியில் இழுத்து எடுக்கும் தட்டும் உள்ள கூண்டாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அதன் வீட்டுக்குள் நுழையாமலே சாப்பாடும் போடலாம், சுத்தமும் செய்யலாம்.